கெடு வைத்த நாணயம்

நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையே முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மாந்தர் வாழ்வைப் பாட வந்த பழம்புலவனுக்குப் பொழுது என்பது பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலை அன்று. கதையை நடத்துவதே அதுதான். முல்லைத் திணையை எண்ணிப் பார்ப்போம். கார் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிச் செல்கிறான் தலைவன். மழை வந்துவிடுகிறது, அவன் வரவில்லை. அந்நிலையில் தோழி என்ன செய்கிறாள்? இது கார்ப்பருவமே அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்யும் மழை, கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது என்று வாதிடுகிறாள். கெடு முடிந்துவிட்டது என்பதை அவள் அறிவாள். ஆயினும் தலைவியின் உயிரைக் காக்கும்பொருட்டுக் கெடுவை இழுத்து நீட்டுகிறாள். அகப்பாடல்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த பொய் இதுவே.

'கெடு' என்னும் சொல்லை நோக்குக. குறித்த காலம் என்பது ஒரு பொருள். அழி, பாழாகு என்பது மற்றொரு பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டா. குறித்த காலம் கடந்தால் பொருள் கெடும் என்ற அச்சம் வழக்கிலேயே ஒட்டிக்கொண்டுள்ளது என்ற அளவில் அமைவோம்.

இன்றைய சிறுவர் உலகில் கெடு என்பதை முதலில் கற்பிப்பது பள்ளி மணியா, வீட்டுப் பாடமா? இரண்டும் இல்லை என்பதே என் எண்ணம். தொலைக்காட்சித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் மினுக்கி மறையும் ஒரு நாணயமே அதனைக் கற்பிக்கிறது. தமிழ்த்துறை மலரில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் ஏட்டைத் தொட்ட நேரத்தைவிட அந்த நாணயத்தைத் துரத்திய நேரம் மிகுதி. ஆகவே அதனைப் படித்தறிவதும் நம் கடமையே.

எட்டுச் சிவப்பு நாணயங்கள்

1985ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவருள் தலையாயவர் ஷிகெரு மியாமோட்டோ. தொப்பியணிந்த குழாய்ப் பணியாளன் ஒருவன் பள்ளங்களையும் மேடைகளையும் தாவித் தாவிக் கடந்து செல்வதே ஆட்டம். நம் ஊர்களுக்கு அது நேர்வழியில் வந்ததைவிடப் போலிக் கருவிகளின் வழியே வந்தது மிகுதி. ஒரே கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்று அட்டையில் அச்சிட்டிருப்பர். பிரித்துப் பார்த்தால் நாலைந்து ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். அவற்றுள் மாரியோ தவறாது இருப்பான். தொண்ணூறுகளில் வளர்ந்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அந்த முதல் ஆட்டத்தின் முதற்கட்டத்தில் திரையின் மேல் மூலையில் 400 என்ற எண் தோன்றும். உடனே குறையத் தொடங்கும். பார்ப்பவர் அதனை நொடிக்கணக்கு என்றே நினைப்பர். உண்மையில் ஓர் அலகு ஒரு நொடியில் பாதிகூட இல்லை, ஏறத்தாழ 0.4 நொடி. ஆக, 400 என்பது இரண்டு நிமிடம் நாற்பது நொடி. எண் நூற்றுக்குக் கீழ் வந்ததும் இசை விரைவெடுக்கும். கட்டம் முடிந்த பின் மீந்த ஒவ்வோர் அலகுக்கும் 50 புள்ளி வந்து சேரும். மிச்சம் பிடித்த காலமும் செல்வமாக எண்ணப்படுகிறது என்பது நோக்கத்தக்கது.

அதனுள் கெடுவுக்குள் கெடுவாக வேறு சில உண்டு. ஒரு குறிப்பிட்ட செங்கல்லை முட்டினால் ஒரு நாணயம் வரும். அந்த முதல் முட்டிலிருந்தே ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அச்சிறு பொழுதுக்குள் எத்தனை முறை முட்டுகிறோமோ அத்தனை நாணயம். பிறகு கல் வெறுங்கல். ஒளிரும் விண்மீன் ஒன்றைப் பிடித்தால் சில நொடிகளுக்குப் பகைவர் எவரும் தீங்கு செய்ய இயலாது. 1988இல் வெளியான மூன்றாம் ஆட்டத்தில் ஒரு பொத்தானை மிதித்தால் செங்கற்கள் எல்லாம் சிறிது நேரம் நாணயமாகும். நேரம் தீர்ந்தால் நாணயம் மீண்டும் கல்லாகும். 2006இல் வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இந்த எண்ணத்தை இன்னும் கூர்மையாக்கியது. சிவப்பு வளையம் ஒன்றின் ஊடே புகுந்தால் எட்டுச் சிவப்பு நாணயங்கள் சுற்றிலும் தோன்றும். கெடுவுக்குள் எட்டையும் எடுத்தால் ஆற்றல் தரும் பொருள் பரிசு. ஏழு எடுத்தவனுக்கு அப்பரிசு இல்லை.

இவ்வமைப்பைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. திருக்குறளில் 'காலமறிதல்' 49ஆம் அதிகாரம். அதற்கு முன்னது 'வலியறிதல்', பின்னது 'இடனறிதல்'. இவ்வைப்பு முறையின் நயத்தை மாணவர்க்கு எடுத்துரைக்க வேறோர் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. தன் தாவல் எவ்வளவு உயரம் செல்லும் என்ற வலியும், நாணயம் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற காலமும், காலை எந்த மேடையில் ஊன்றுவது என்ற இடமும் ஒருங்கே அறிந்தவனுக்கே எட்டாவது நாணயம். எட்டாவது நாணயத்தைப் பிடித்த சிறுவன் சோம்பேறி அல்லன். அவனுக்குக் கவனம் இல்லை என்பதும் பொருந்தாது. கவனம் வேறிடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

இனி, கெடு தவறினால் என்ன ஆகும்? நாணயம் மறையும். அவன் கட்டத்தை மீண்டும் தொடங்குவான். அதே வளையம், அதே எட்டு நாணயம், அதே இடத்தில் காத்திருக்கும். இருபது முறை தோற்றாலும் இருபத்தோராம் முறை அவை வரும். முல்லைத் தலைவிக்குத் தோழி செய்த கருணை அந்த இயந்திரத்துக்குள்ளும் எங்கோ இருக்கிறது. கெடு உண்டு, ஆனால் கேடு இல்லை. விளையாட்டை விளையாட்டாக வைத்திருப்பது இது ஒன்றே.

கந்தக பூமியின் கெடு

மேற்சொன்ன செங்கல்லை நான் எண்ணும்போதெல்லாம் நம் வட்டாரம் நினைவுக்கு வருகிறது. சிறு பொழுதுக்குள் எத்தனை முட்டோ அத்தனை நாணயம் என்பதை நாரணாபுரத்துக்காரர் எவரும் உடனே புரிந்துகொள்வர். சிவகாசியை அடுத்த அவ்வூரிலும், திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிலும் தீப்பெட்டி ஆபீசிலும் பயர் ஆபீசிலும் கூலி பெருமளவும் எண்ணிக்கைக் கணக்கு. இத்தனை கட்டை அடுக்கினால் இவ்வளவு, இத்தனை குரோஸ் முடித்தால் இவ்வளவு. கை ஓடும் விரைவே கூலி. தீபாவளி நெருங்க நெருங்க இசை விரைவெடுப்பதும் உண்டு. அதை எழுப்புவது ஒலிபெருக்கியன்று, வட இந்திய வணிகரின் ஆர்டர்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பி. அய்ய நாடாரும் ஆ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்று வந்து 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். மழை குறைந்த, வெயில் மிகுந்த கரிசல் மண் அத்தொழிலுக்கு இசைந்தது. பட்டாசும் அச்சும் அதனைத் தொடர்ந்தன. ஊர் செழித்தது. அச்செழிப்பில் குழந்தைகளின் கைகளும் சேர்ந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கப் பிஞ்சு விரல் ஏற்றது என்று அன்று கூசாமல் பேசினர். விடியுமுன் கிராமம் கிராமமாகச் சென்று பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்துகளை எழுபது எண்பதுகளில் கண்டவர் இன்னும் நம்மிடையே உளர். பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம் அவ்வுலகைக் காட்டியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை, குடும்பத் தொழிலில் உதவுதல் போன்ற விலக்குகள் நீங்கலாக, முற்றாகவே தடுத்தது. இன்று பள்ளி செல்லும் பேரனின் பாட்டி அன்று கட்டை அடுக்கியவள். பேரன் திரையில் நாணயம் துரத்துவதைப் பார்த்து, "எங்க காலத்துல இந்த வேகத்துல கட்டை அடுக்குனா ஒரு ரூபா கூடக் கெடைக்கும்" என்று அவள் சொல்வாளாயின் அதில் நகைச்சுவை பாதி, உண்மை பாதி.

ஆனால் இரண்டு கெடுவும் ஒன்றல்ல. பயர் ஆபீசின் வேலையறையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று உரிமத்திலேயே வரையறை உண்டு. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மீந்ததை இரவு முழுதும் வைத்திருப்பது ஆபத்து. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறும். ஆகவே மருந்தும் ஒரு கெடு வைத்த பொருளே. மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற விரைவும், கூடுதல் எண்ணிக்கை வேண்டும் என்ற ஆசையும், மெல்லத்தான் கையாள வேண்டும் என்ற விதியும் ஒரே அறையில் மோதுகின்றன. ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பத்தொன்பதுக்குக் குறையாத உயிர்கள். அங்கே கட்டத்தை மீண்டும் தொடங்க வழியில்லை. எந்தத் தோழியும் வந்து இது பருவமன்று என்று சொல்ல இயலாது.

ஆகவேதான் வீடியோ விளையாட்டு பிள்ளைகளை அவசரக்காரராக்குகிறது என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவசரத்தை நம் வட்டாரத்துக்கு ஜப்பான் கற்றுத் தரவில்லை. தோற்றால் உயிர் போகாத ஓரிடத்தில் விரைவைப் பழகும் சிறுவன், தோற்றால் உயிர் போகும் இடத்தில் விரைவு கூடாது என்பதையும் கற்க முடியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் இருந்தால்.

நல்ல கெடுவுக்கும் நம் ஊரே சான்று தருகிறது. பட்டாசின் திரி அதுவன்றி வேறென்ன? அமெரிக்க நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதி, திரி 3 நொடிக்குக் குறையாமலும் 9 நொடிக்கு மிகாமலும் எரிய வேண்டும் என்கிறது. மூன்றுக்குக் குறைந்தால் கொளுத்தியவன் விலக நேரமிராது. ஒன்பதுக்கு மிஞ்சினால் அணைந்துவிட்டது என்று எண்ணிக் குனிந்து பார்ப்பான். விலகிச் செல்வதற்கென்றே அளந்து கொடுத்த காலம் அது. 2018இல் உச்சநீதிமன்றம் தீபாவளி வெடிக்கு நாளில் இரண்டு மணி நேரம் என்று கெடு வைத்ததும், தமிழகத்தில் அதனைக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி எனப் பகுத்துக்கொண்டதும் நாம் அறிந்தவை. தொழிலுக்கு அது வலித்தது. சரவெடியும் பேரியம் உப்பும் தடைபட்டது இன்னும் வலித்தது. ஆயினும் மூச்சுத் திணறும் முதியோரையும் குழவிகளையும் முன்னிட்டு வைத்த கெடு அது என்பதை வாதத்துக்காகவேனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடையின் கெடு

என் கவலை வேறோரிடத்தில் உள்ளது.

நம் வட்டாரச் சிறுவர் ஒரு காலத்தில் தீப்பெட்டிப் படம் சேர்த்தனர். சிவகாசி அச்சகங்கள் அடித்துத் தள்ளிய புலி, மயில், விளக்கு, சாவி என எண்ணற்ற சின்னங்கள். தெருவில் கிடக்கும், பெட்டிக்கடை வாசலில் கிடக்கும், குப்பைமேட்டில் கிடக்கும். வெளியூர்ப் படம் ஒன்றுக்கு உள்ளூர்ப் படம் பத்து என்று மாற்றிக்கொள்வர். உலகெங்கும் தீப்பெட்டிப் படம் சேர்ப்போர் இருக்கின்றனர். அவர்களின் தொகுப்புகளில் சிவகாசிக்குத் தனி இடம் உண்டு. அச்சேகரிப்புக்குக் கடிகாரம் இல்லை. இன்று கிடைக்காத மயில் அடுத்த மாதம் கிடைக்கும். கிடைக்காமலே போனாலும் எவரும் அதனைச் சொல்லி ஏளனம் செய்து காசு பறிக்கவில்லை.

2020இல் மாரியோவுக்கு 35ஆம் ஆண்டு. அதனையொட்டி நிண்டெண்டோ 1996, 2002, 2007 ஆண்டுகளின் மூன்று பழைய மாரியோ ஆட்டங்களை 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' என்ற ஒரே தொகுப்பாக்கிச் செப்டம்பர் 18 அன்று வெளியிட்டது. 2021 மார்ச் 31 வரை மட்டுமே விற்பனை என்றும் முன்கூட்டியே அறிவித்தது. சொன்னபடியே அந்நாளோடு அதனைத் தன் இணைய அங்காடியிலிருந்து எடுத்துவிட்டது. பலர் சேர்ந்து ஆடும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 35' என்ற ஆட்டமும் அதே நாளோடு நிறுத்தப்பட்டது. காகிதத்துக்குத் தட்டுப்பாடா? மழைக்காலம் வந்துவிட்டதா? எண்முறைப் படிக்கு அச்சுச் செலவு இல்லை, கிடங்கு வாடகை இல்லை, கெட்டுப்போகும் தன்மையும் இல்லை. கெடும் தன்மையற்ற பொருளுக்குக் கெடு வைத்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் திரைக்குள் மினுக்கிய நாணயம் திரையை விட்டு வெளியே வந்து கடைப்பலகையில் அமர்ந்துகொண்டது. தவறவிட்டால் மறையும் என்றது. உள்ளே இருந்தபோது அதனிடம் இருந்த கருணை வெளியே வந்தபோது இல்லை.

ஓர் உயர்ந்த நிறுவனமே அவ்வாறு செய்ததெனில், கைப்பேசியில் இலவசம் என்று சொல்லி நுழையும் ஆட்டங்களைப் பற்றி என்ன சொல்வது? இன்று நுழையாவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் இந்த உடை போய்விடும். இந்தப் பெட்டியை இப்போது திறக்காவிடில் என்றும் கிடைக்காது. அங்கே வலி, காலம், இடம் என்பவற்றுக்கு வேலையே இல்லை. தாவத் தெரிய வேண்டியதில்லை; பணம் செலுத்தத் தெரிந்தால் போதும். பரிசுப் பணம் எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டு நடுவண் அரசுச் சட்டம் தடை செய்துள்ளது, வரவேற்கத்தக்கது. ஆனால் பணமாகத் திரும்பாத உடைக்கும் ஒப்பனைக்கும் கெடு வைத்து விற்பது வேறு வகை. அதனைச் சூது என்று சொல்ல நாக்குக் கூசலாம். விளையாட்டு என்று சொல்ல எனக்குக் கூசுகிறது.

விடுமுறையில் பயர் ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ சென்று, எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கி, அதில் ஒரு பகுதியை இத்தகைய கெடுப் பொருளில் விட்டுவிடும் மாணவர் நம்மிடையே இல்லை என்று எவரேனும் சொல்வாராயின் அவர் மாணவரோடு பேசாதவர். ஒரு கெடுவுக்குள் உழைத்துச் சேர்த்தது இன்னொரு கெடுவுக்குள் போய்விடுகிறது. முன்னதில் விரல் நோகும். பின்னதில் ஒரு விரல் அசைவே மிகுதி. தந்தையர் கைப்பேசியைப் பிடுங்குகின்றனர். பிடுங்குவதால் பயனில்லை என்று நான் கருதுவதற்குக் காரணம், மாரியோவின் எட்டாவது நாணயத்தையும் கடைக்காரனின் கடைசி மணி நேரத்தையும் அவர்கள் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகின்றனர். மகனுக்கு வேறுபாடு தெரியும், சொல்லத் தெரியாது. தந்தைக்குச் சொல்லத் தெரியும், வேறுபாடு தெரியாது. இந்த இடைவெளியில் நிற்க வேண்டியவர் ஆசிரியர். குறிப்பாகச் சொல்லின் பொருளையும் தொனியையும் பிரித்துக் காட்டுவதைத் தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்.

கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே. இந்தக் கெடுவை வைத்தவர் யார், எவர் நலத்துக்காக? தவறினால் மீண்டும் வருமா? தலைவன் குறித்த காருக்கும், திரியின் ஒன்பது நொடிக்கும், மருந்தறையின் மாலைக்கும், சிவப்பு வளையத்துக்கும், கைப்பேசியில் மினுக்கும் பெட்டிக்கும் இவ்விரு வினாக்களைத் தனித்தனியே பொருத்திப் பார்த்தால் விடை ஒவ்வொன்றாக மாறுவதை முதலாண்டு மாணவரும் காண்பர்.

வரும் பருவத்தில் முல்லைப் பாடல்களை நடத்தும்போது கட்டுரைப் பயிற்சி ஒன்று தர எண்ணியுள்ளேன். ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரக் காலம் தம் கைப்பேசியில் தோன்றும் கெடு அறிவிப்புகளை நாள், நேரம், சொற்றொடர் பிறழாமல் குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். அவற்றுள் எவை கெடு முடிந்த பிறகு மறுநாளே மீண்டும் வந்தன என்பதைச் சிவப்பு மையால் சுழிக்க வேண்டும். வீட்டில் பயர் ஆபீசு செல்லும் தாயோ தந்தையோ இருப்பின், அவர்களின் அவ்வார வேலைக் கணக்கையும் எதிர்ப்பக்கத்தில் எழுதலாம், கட்டாயமில்லை. இருபது மதிப்பெண். ஒப்படைக்க வேண்டிய நாளை வகுப்பில் கலந்து பேசி முடிவு செய்வோம்.